லைன் பிஸியாக இருக்கிறது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, மட்டன் குழம்பில் கையை வைத்த நேரம். பக்கத்து அறையிலிருந்து "கீ...ஈஈஈ... க்ர்ர்ர்ர்" என்று ஓர் அலறல்!

வேறு வீடாக இருந்தால் பதறியிருப்பார்கள். என் மனைவி ஸ்டெல்லா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரோ வந்திருக்காக. போய்ப் பாருங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அதுதான் காலிங்பெல்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் மெஷினைப் பற்றித் தெரியும். புதியவர்களுக்காக ஒரு சுருக்கம். இன்டர்நெட் வீடு வீடாக வருவதற்கு முன்னால் புல்லட்டின் போர்டு என்று ஒன்று இருந்தது. ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் மாட்டி வைப்பார். மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்து, உள்ளே போய்ச் செய்தி எழுதி வைப்பார்கள், பிறர் எழுதியதைப் படிப்பார்கள், வெளியே வருவார்கள். அவ்வளவுதான்.

காரைக்குடியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கும் நான், அப்படி ஒன்றை இப்போது நடத்துகிறேன். அந்தக் காலத்து மெஷினுக்கு நான் எங்கே போவேன்? எமுலேட்டர் இருக்கிறது. புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர். உள்ளே ஓடும் புரோகிராம் பாவம், தன்னிடம் நிஜமான மோடமும் டெலிபோன் லைனும் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறது. வருவதென்னவோ இன்டர்நெட் வழியாக. அந்தக் காலத்து மோடம் லைன் கிடைக்கும்போது போடுகிற அந்த அலறல் நானாக வைத்தது. இல்லாவிட்டால் என்ன சுவாரஸ்யம்?

ஒரே ஒரு லைன்தான் வைத்திருக்கிறேன். ஓர் ஆள் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு "பிஸி" என்று வரும். ஓர் ஆளுக்கு அரை மணி நேரம். போட்டோ கிடையாது, வாய்ஸ் நோட் கிடையாது, ஃபார்வர்டு அறவே கிடையாது. பத்து லைன் போட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். போட மாட்டேன். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவதுதான் பேச்சு. பத்துப் பேர் பேசினால் அது பஸ் ஸ்டாண்டு.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் நண்பன் முத்துவின் குடும்பத்தில் நிரூபித்திருக்கிறேன்.

முத்து காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கொத்தமங்கலத்தில் அவர்களுடைய பெரிய வீடு இருக்கிறது. அண்ணன், தம்பி, சித்தப்பா மக்கள் என்று எல்லாப் பங்காளிகளுக்கும் பொதுவான வீடு. ஆளுக்கோர் அறை, அறைக்கொரு பூட்டு. அந்த வீட்டைச் சினிமா ஷூட்டிங்குக்கு விட்டான் முத்து. வந்தவர்கள் கேமராவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று உள்வாசலைச் சுற்றி இருந்த கதவு, நிலை எல்லாவற்றுக்கும் பச்சை பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

யாரோ அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். மலேசியாவில் இருக்கும் முத்துவின் அண்ணன் கொதித்துவிட்டார். இவன் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, நடுவில் சித்தப்பா மகன்கள் ஆளுக்கொரு வாய்ஸ் நோட் போட, இதற்கிடையில் ஒருவர் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்ப... அண்ணன் குரூப்பை விட்டே போய்விட்டார். போனையும் எடுப்பதில்லை.

சாதாரண நேரமாக இருந்தால் ஆறப் போடலாம். ஆனால் வருகிற தை மாதம் முத்துவின் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பெரிய வீட்டில் படைப்பு நடக்க வேண்டும். முன்னோர்களுக்குச் சேலை வேட்டி வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து கும்பிடுவது. மூத்தவர் அண்ணன். அவர் படைப்புக்கு வரவில்லை என்றால் கல்யாணத்துக்கும் வர மாட்டார்.

"எங்க அண்ணன் நிக்காம எம் பொண்ணுக்குத் தாலி ஏறுனா, அது எனக்குக் கல்யாணமா அருளு?" என்றான் முத்து. கடையில், மருந்து வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கண் கலங்கிவிட்டான்.

"உங்க குடும்பத்தை என் போர்டுக்குக் கூட்டிட்டு வா" என்றேன்.

வந்தார்கள். மூத்தவரை மட்டும் சித்தப்பா மகன் ஒருவன் கெஞ்சிக் கூட்டி வர வேண்டியிருந்தது. நான் பங்காளி இல்லை, உறவுமில்லை, எந்தக் கட்சியும் இல்லை என்பதால் அவரும் ஒப்புக்கொண்டாராம். யாருக்கெல்லாம் ஐடி கொடுப்பது என்று கேட்டேன். முத்து யோசிக்கவே இல்லை.

"புள்ளிக்கு ஒண்ணு."

அவர்கள் சமூகத்தில் கல்யாணமான கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயில் வரியோ, படைப்புச் செலவோ, எல்லாம் புள்ளிக் கணக்குதான். பல தலைமுறையாகச் சரியாக ஓடுகிற கணக்கு. நானும் தலையாட்டி, ஏழு புள்ளிக்கு ஏழு ஐடி கொடுத்தேன். பழைய புரோகிராமுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை அடிப்பார்கள். இங்கே நான் மாற்றித் தருகிறேன்.

ஒரு வாரத்தில் சித்தப்பா மக்கள் சமாதானமாகிவிட்டார்கள். அரை மணி நேரம் ஒரு மனிதனைத் தனியாக உட்கார வைத்தால் அவன் பாதிக் கோபத்தை அடிப்பதற்குள்ளேயே தொலைத்துவிடுகிறான்! ஆனால் மூத்தவர் மட்டும் அசையவில்லை. எல்லாம் கொட்டை எழுத்தில் வரும். "பெயின்ட் அடிச்சவனே படைக்கட்டும். நாங்க வரலை." தினமும் இதே வாசகம்.

முத்துவுக்குப் புரியவே இல்லை. தேக்கு மரம் பாழானதுதான் அண்ணன் கோபம் என்று நினைத்து, தேக்கை எப்படிச் சுத்தம் செய்யலாம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தான்.

இப்போது மட்டன் குழம்புக்கு வருவோம்.

கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன். திரையில் மூத்தவரின் ஐடி. ஆனால் கொட்டை எழுத்து இல்லை. சின்ன எழுத்து. ஒவ்வொன்றாக, தேடித் தேடி.

புல்லட்டின் போர்டில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே வந்தவர் அடிக்கிற ஒவ்வோர் எழுத்தும் நடத்துபவனின் திரையில் அப்போதே தெரியும். அவர் அழிப்பதும் தெரியும். ஒட்டுக்கேட்பது மாதிரி இல்லையா என்கிறீர்களா? நுழையும்போதே எழுதிப் போட்டிருக்கிறேன், "இங்கே நீங்கள் அடிப்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்று. யார் படிக்கிறார்கள்?

"முத்துத் தம்பி, நாங்க வர்றோம்" என்று வந்தது. நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போய் அழிந்தது.

மறுபடியும். "உங்க அண்ணனுக்குக் கோவம் பெயின்ட் மேல இல்ல. எங்க ரூம் நிலைக்கு மேல அவுக பேரை உங்க அப்பச்சி எழுதி வச்சிருந்தாக. அதுக்கு மேலயும் சேத்து அடிச்சுட்டாக. என் பேரே அங்க இல்லையேன்னு சொல்லிக்கிட்டே இருக்காக. சொந்தத் தம்பிக்கு அது கண்ணுல படலையேன்னுதான்..."

இதுவும் அழிந்தது. கடைசி எழுத்து வரைக்கும்.

உட்கார்ந்துவிட்டேன். அடித்துக்கொண்டிருந்தது மூத்தவர் இல்லை. அவர் மனைவி வள்ளி ஆச்சி.

முத்துவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் அழித்ததை எடுத்துச் சொல்ல நான் யார்? உள்ளே இருப்பவரோடு நேரடியாகப் பேச நடத்துபவனுக்கு ஒரு கீ உண்டு. அதைத் தட்டினேன்.

"வணக்கம் ஆச்சி. நான் முத்துவோட கூட்டாளி அருள். இந்த மெஷின்காரன்."

சின்ன எழுத்துகள் மறுபடியும் தேடித் தேடி வந்தன.

"அழிச்சதெல்லாம் பாத்தீகளா?"

"பார்த்தேன் ஆச்சி."

"அப்ப அனுப்புனாப்புலதான?"

சிரித்துவிட்டேன். "இல்ல ஆச்சி. நான் பார்த்தது முத்து பார்த்த மாதிரி ஆகாது. நீங்களேதான் அனுப்பணும். ஏன் அழிக்கிறீக?"

"இது அவுக பேருல்ல? இதுல போட்டா அவுக சொன்னதா ஆயிரும். காலையில வரலைன்னு போட்டாக, மத்தியானம் வர்றோம்னு போட்டா என்ன மதிப்பு? அவுக மானத்தை நான் வாங்கலாமா?"

எனக்குச் சுளீர் என்றது. ஏழு பேரை வைத்து ஒரு குடும்பத்தையே பேச வைத்துவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் குடும்பத்துக்கு வாசல் கதவே வைக்கவில்லை!

"அஞ்சு நிமிஷம் இருங்க ஆச்சி" என்றேன். இரண்டு நிமிஷத்தில் வள்ளி என்று ஓர் ஐடி தயார்.

முத்து கொஞ்சம் முறுக்கினான். "புள்ளிக்கு ஒண்ணுன்னுதானப்பா பேச்சு?"

"படைப்புக்கு உன் கணக்கு. அதுல நான் தலையிட மாட்டேன். என் மெஷினுக்கு என் கணக்கு. ஆளுக்கு ஒண்ணு" என்றேன். இப்படி நிமிர்ந்து பேச வாய்ப்பு தினமுமா கிடைக்கிறது?

ஆச்சி அன்று சாயங்காலமே எழுதினார். அழித்த அத்தனையையும், தன் பேரில்.

அதைப் படித்த முத்து மறுநாள் கடையைத் திறக்கவில்லை. பெயின்டரைக் கூட்டிக்கொண்டு கொத்தமங்கலம் போனான். அண்ணன் அறைக் கதவு நிலைக்கு மேலே பச்சையைச் சுரண்டச் சுரண்ட, அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரிந்ததாம். அதன் மேலேயே எழுத வைத்திருக்கிறான். என் போர்டில் போட்டோ போட முடியாதே! அதனால் எழுத்தில்தான் போட்டான்:

"அண்ணே, எனக்குத் தோணலை. மன்னிச்சிருங்க. உங்க பேரைத் திருப்பி எழுதியாச்சு. சரியா இருக்கான்னு நீங்கதான் வந்து பாக்கணும்."

இரண்டு நாள் பதிலே இல்லை. முத்து என்னைப் போனில் கொன்றெடுத்துவிட்டான். மூன்றாம் நாள் அலறல். கொட்டை எழுத்து.

"இனிஷியல் போட்டியா?"

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. முத்து அதைப் பார்த்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து அழுதான். போட்டிருந்தான், இனிஷியலோடுதான் போட்டிருந்தான். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

வள்ளி ஆச்சிக்குத் தனி ஐடி என்பது மற்ற வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. விடுவார்களா? ஒவ்வொருவராகக் கேட்க, எல்லா ஆச்சிமாருக்கும் கொடுத்தேன். படைப்புக்கு யார் எப்போது வருவது, கல்யாணத்துக்கு என்ன பலகாரம் என்று இப்போது அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஸ்டெல்லாவுக்குக் காலிங்பெல் சத்தம் பொறுக்கவில்லை. ஸ்பீக்கரைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் போன் அடித்தது. மலேசியாவிலிருந்து மூத்தவர்.

"என்ன தம்பி மெஷின் வச்சிருக்கீக? காலையிலேருந்து பாக்குறேன், எப்பப் போனாலும் பிஸி பிஸிங்குது. அப்படி யாருதான் உள்ள உக்காந்திருக்காக?"

எட்டித் திரையைப் பார்த்தேன்.

"உங்க வீட்லதான் இருக்காக அண்ணே. அடுத்த ரூமுக்கு ஒரு குரல் குடுத்துப் பாருங்க."