மியின் என்றால் குதிரை

பர்மிய மொழியில் குதிரைக்கு மியின் என்று பெயர். கண்ணுக்குத் தெரிவதையும் மியின் என்றுதான் சொல்கிறார்கள். குதிரையென்றால் குரலை உயர்த்தி இழுக்க வேண்டும். தெரிவதென்றால் தாழ்வாகச் சொல்லி விட்டுவிட வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் அப்பா வாயிலும் இரண்டும் ஒன்றுதான். யாங்கோனிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் அவர் பேசும் பர்மிய மொழி மேடு பள்ளம் இல்லாத ரோடு மாதிரி இருக்கும். அங்கே தாகேதா பகுதியில் அவர் சைக்கா ஓட்டுகிறார். மிதிவண்டியின் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார இருக்கை வைத்த வண்டி அது. "தெரியுது" என்று அவர் சொன்னால் கேட்பவர் காதில் குதிரை ஓடும். தேநீர்க் கடையில் இதைச் சொல்லியே கேலி செய்வார்கள். "ஊலே, இன்னைக்கு எத்தனை குதிரை பாத்தீங்க?" என்பார்கள். ஊலே என்றால் மாமா.

எங்கள் வீட்டுக்கு அந்த எண்ணெய் ஓவியம் வந்ததும் இந்தப் பிழையால்தான்.

நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, நகரத்தின் லத்தா பகுதியில் ஒரு பழைய மாடி வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று அப்பா சாமான் இறக்கப் போனார். மரப்படி செங்குத்தாக இருந்ததாம். கரண்ட் வேறு இல்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்பா பின்பக்கமாக இறங்க, வீட்டுக்காரர் மேலே நின்று, "மியின் லா?" என்று கேட்டிருக்கிறார். படி தெரிகிறதா என்று கேள்வி. "மியின் தே, மியின் தே", தெரியுது தெரியுது என்று அப்பா ஒவ்வொரு படிக்கும் பதில் சொல்லியிருக்கிறார், எல்லாம் அவர் காதில் குதிரையாகவே விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாராம். பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடந்த குதிரைப் படத்தைத் தூக்கிக் கொடுத்து, "இத்தனை தடவ கேட்டுட்டீங்க ஊலே, எடுத்துட்டுப் போங்க" என்றாராம்.

பழைய லுங்கியில் சுற்றி அதை அப்பா கொண்டுவந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"நாம படுக்கவே இடம் இல்ல, குதிரைக்கு எங்க போறது?"

"இதுங்க தண்ணி மட்டுந்தான் குடிக்குதுங்க. உனக்கு என்ன செலவு?"

உண்மைதான். படத்தில் இரண்டு பழுப்புக் குதிரைகள் கல் தொட்டி ஒன்றின் முன்னால் நிற்கின்றன. ஒன்று குனிந்து குடிக்கிறது. நெற்றியில் வெள்ளைக் கோடு உள்ள இன்னொன்று தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறது. அதன் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கழுத்தில் தோல் பட்டை. பின்னால் சாம்பல் நிற வானம், மழை பெய்து விட்டதா பெய்யப் போகிறதா என்று சொல்ல முடியாத வானம். கீழ் மூலையில் ஒரு கையெழுத்து. வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட ஆங்கில எழுத்துகளைப் பெருமையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு எழுத்தின் தலையில் மட்டும் இரண்டு புள்ளி இருந்தது. எல்லாம் சேர்ந்து எந்தச் சொல்லும் வரவில்லை.

"பரவால்ல, குதிரையாவது புரியுது" என்றார் அப்பா.

அன்றிலிருந்து தினமும் காலையில் தேநீர் குடித்துவிட்டு, வண்டி எடுக்கும் முன் படத்தின் முன்னால் நிற்பார். "என்னடா, போலாமா? நீங்க இழுங்க, நான் மிதிக்கிறேன்" என்பார். எனக்கு அது சாமி கும்பிடுவதைப் போலவே பழகிவிட்டது.

நான் பத்தாவது முடித்தேன், பட்டமும் வாங்கினேன். எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போனவரே இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. இப்போது நகரத்தின் நடுவில் ஒரு ஓவியக் கூடத்தில் படங்களுக்குக் குறிப்பு எழுதும் வேலை. அங்கே இருந்த புத்தகங்களில்தான் எங்கள் வீட்டுக் குதிரைகளின் சொந்தக்காரர்களைக் கண்டேன். தலையில் இரண்டு புள்ளி வைத்தது ஜெர்மன் எழுத்தாம். ஜெர்மனியில் வாழ்நாள் முழுக்க விலங்குகளை மட்டுமே வரைந்த ஓவியர்கள் இருந்திருக்கிறார்கள். லாயத்திலேயே கிடந்து, எலும்பையும் தசையையும் படித்து, அதன் பிறகே தோலுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். அவர்கள் வரைந்தது பொதுவாக ஒரு குதிரை இல்லை. அன்றைக்கு எதிரில் நின்ற அந்தக் குதிரை. கூடத்தை நடத்தும் அம்மையாரிடம் சொன்னேன். ஸயாமா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் அவர், வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னார்.

மறுநாள் காலையில் படத்தைக் கழற்றிப் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்ச் சதுரமாகத் தெரிந்தது. அப்பா முகம் கழுவி வந்தார், தேநீர் குடித்தார், அந்தச் சதுரத்தின் முன்னால் போய் நின்றார்.

"என்னடா, போலாமா? இன்னைக்கு என்ன ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அடுப்படியில் அம்மாவின் கை அப்படியே நின்றது. படத்தைப் பிடித்தபடி நானும் நின்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஓடிப்போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"அப்பா, சுவத்துல என்ன இருந்தது?"

"என்ன இருக்கும், நம்ம பசங்க."

"படத்த நான் கழட்டி வச்சிருக்கேன்."

வண்டி மணியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அதான் பதில் சொல்லலையா" என்றார்.

இருட்டுகிறது என்று சாயங்காலச் சவாரியை அவர் விட்டதும், புதுத் தெருவுக்கு யார் கூப்பிட்டாலும் போகாததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் சந்துகளின் குழிகளை உடம்பால் நினைவில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். கிட்டத்தில் பார்த்தேன், கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது. கண்ணில் புரை. மடாலயத்தின் கண் மருத்துவமனையில் இலவசமாக எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன்.

"கண்ணுல கத்தி வெப்பாங்க. இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போயிட்டா? அப்புறம் நான் எத மிதிப்பேன்?"

"அப்ப படத்தத் திரும்ப மாட்ட மாட்டேன். பாக்க ஆள் இல்லாத வீட்ல படம் எதுக்கு?"

"இவள படிக்க வச்சது தப்பு" என்றார் அம்மாவைப் பார்த்து.

"தப்புதான். இப்ப அனுபவிங்க" என்றாள் அம்மா.

சொன்னபடி நான் மாட்டவில்லை. அதன் பிறகு வந்த காலைகளில் அப்பா சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தார். வண்டியையும் எடுக்கவில்லை. ஒருவேளை அவர் பயந்தபடியே ஆகிவிட்டால் என்ற கவலை எனக்கும் இருந்தது. கடைசியில் ஒருநாள், வெற்றுச் சுவரைப் பார்த்தபடியே, "எப்ப போகணும்?" என்றார்.

ஒரு கண்ணுக்கு மட்டும் முதலில் செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரிக்க ஒரு இளம் நர்ஸ் வந்தாள். பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "மியின் லா, ஊலே?" என்றாள்.

அப்பா மெதுவாக அறையைச் சுற்றிப் பார்த்தார். "மியின் மஷி பூ" என்றார்.

மஷி பூ என்றால் இல்லை. அந்த இல்லை மட்டுந்தான் என் காதில் விழுந்தது. நர்ஸும் கை விரலை உயர்த்தியபடி விழித்தாள். அப்பாவின் உதட்டோரம் அசைவதை அப்போதுதான் பார்த்தேன். இங்கே குதிரை எதுவும் இல்லை என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைச் சரியாக உயர்த்தி இழுத்துச் சொல்லியிருந்தார். நர்ஸுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்காரும் அளவுக்குச் சிரித்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ எப்ப கண்ணாடி போட்டே?"

பட்டப்படிப்பின்போதே போட்டிருந்தேன். நேத்துதான் என்றேன். அவர் நம்பவில்லை. வீட்டில் அவர் தலைமாட்டில் தொங்கும் பட்டப் போட்டோவிலும் நான் கண்ணாடியோடுதான் இருக்கிறேன், அது அவர் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

"படிச்சுப் படிச்சுக் கெடுத்துக்கிட்டியா" என்று, என் கண்ணாடியைக் கழற்றி, தன் லுங்கி நுனியால் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை மாட்டினேன். அவர் முகத்தை அதன் அருகே கொண்டுபோனார். தலை தூக்கிய குதிரையின் தோளில், கழுத்துப்பட்டை உரசி உரசி முடி தேய்ந்துபோன ஓர் இடத்தை அந்த ஓவியர் விடாமல் வரைந்திருக்கிறார். அதை விரலால் காட்டினேன். அப்பா அதைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பி, கைப்பிடி உரசிக் காய்த்த இடத்தைப் பார்த்தார்.

"இவனுக்கும் இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் தேநீர் குடித்ததும் பழக்கம்போலவே எழுந்து படத்தின் முன்னால் போனார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "எங்க கிளம்பிட்டீங்க? ஒரு மாசம் வண்டி மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"நான் எங்கயும் போகல. லீவு சொல்ல வந்தேன்" என்றார் அப்பா. வெள்ளைக் கோடு போட்ட குதிரையிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.