இரண்டு நாத்தனார்களுக்கு நடுவே

ஆர்மோனியப் பட்டறையில் அவளுக்குக் காதுக்காரி என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில் வேலைக்கு வந்தவள். பெட்டிக்குள் இருக்கும் பித்தளை நாக்குகளை அரத்தால் இழைத்துச் சுருதி சேர்ப்பாள். நுனியில் இழைத்தால் சுரம் ஏறும், அடியில் இழைத்தால் இறங்கும். மாற்றி மாற்றி இழைத்தால் நாக்கு மெலிந்து உடைந்தே போகும்.

இப்போது வந்திருந்த பெட்டி வம்பு பிடித்தது. ஓர் இசையமைப்பாளர் தன் இஷ்டத்துக்கு ஏழு சுரம் கட்டியிருந்தார். ஒன்றுகூட வழக்கமான இடத்தில் நிற்காது. ஒரு படி அகலம், அடுத்தது மயிரிழை. ச ரி க என்று வாய் சொன்னால் போதும், காது பழைய இடத்துக்கே ஓடிவிடும். அதனால் புகுந்த வீட்டையே பெயராக வைத்துவிட்டாள். ஆதார சுரம் மாமியார், வேறு யார்? பிறகு மாமனார், பெரிய நாத்தனார், சின்ன நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி. ஏழாவது வீட்டுக்காரர், மேல் ஸ்தாயி மாமியாரை ஒட்டிக்கொண்டே நிற்பார். பட்டறையே சிரித்தது. இருப்பதிலேயே சின்ன இடைவெளி நாத்தனார்கள் நடுவில்தான், அரைச்சுரத்தில் பாதி. அதற்காகவே முதலாளி வேலையை அவளிடம் கொடுத்தார்.

இசையமைப்பாளர் வந்து வாங்கிப்போகிற நாளன்று கடைசியாக ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பெரிய நாத்தனார். சின்ன நாத்தனார். இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

நேற்று சரியாக இருந்ததே. நாக்கு இறங்கிவிட்டதா? இல்லை, போன வாரச் சளியில் அடைத்த காதா? இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். வேறு வேறு என்றால் ஒலி அதிரும். அதிர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சுருதி மீட்டர் முதலாளி மேசையில் இருந்தது. போய்க் கேட்டால், “உனக்கெதுக்கும்மா அது?” என்பார். அப்புறம் என்ன சொல்வது? காது போனால் இந்த வேலை போச்சு. வேறொன்றும் தெரியாதே அவளுக்கு. பயத்தில் அரத்தை எடுத்தாள். எதை இழைப்பது?

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு கணவர் வந்தார். பஸ் ஓட்டுகிறவர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தாலாட்டுப் பாடினால் குழந்தை அழும்.

“இங்க வாங்க. இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?”

“என்கிட்டயா கேக்கற?”

“சும்மா சொல்லுங்களேன்.”

பெட்டியின் துருத்தியை அவளே அசைத்தாள். அவர் ஒவ்வொன்றாக அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள் என அவள் மனசு கெஞ்சியது.

“வேறதான். இது கொஞ்சம் ஏறி நிக்குது,” என்று சின்ன நாத்தனாரைத் தொட்டார். “பாரேன், எனக்கே தெரியுது. சரிதானே?”

“சரியாத்தான் சொன்னீங்க,” என்றாள்.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு சுரம் பிடிபட்ட சந்தோஷம் அவருக்கு. மறுபடி மறுபடி இரண்டையும் மாற்றி அழுத்தினார். துருத்தியை அசைத்துக்கொண்டே நின்றவளுக்கு ஒரே சுரம்தான் கேட்டது.