எந்த ஹாஜியின் ஆள்?

ஷஹாத்தா இருபத்தேழு வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கிறார். நம்பாவிட்டால் கெய்ரோவில் இம்பாபா பக்கம் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நைலில் மிதந்த பிணம் அவர்தான். முதல் சண்டையிலேயே குண்டடிபட்ட போலீஸ்காரரும் அவர்தான். ரமலான் வந்தால் முப்பது நாளும் டி.வி. தொடர் வரும், தொடர் வந்தால் இவர் சாவார். மற்ற மாதங்களில் துணி இஸ்திரி போடுவார்.

சாவதில் அவருக்கு வருத்தமில்லை. பெயரில்லாமல் சாவதுதான் வருத்தம். வசனத்தாளில் 'பிணம்' என்று இருக்கும், 'போலீஸ் இரண்டு' என்று இருக்கும். முப்பதாம் நாள் தொடர் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் மனைவி இன்ஸாஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவாள். சாப்பாடு கொண்டுவந்தவன் பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது.

"ஏ மனுஷா, இருபது தடவ விதவையாகிட்டேன். ஒருத்தராவது வந்து துக்கம் கேட்டாங்களா? செத்தது யாருன்னு தெரிஞ்சாத்தானே கேப்பாங்க!" என்பாள்.

இந்த வருஷம் எப்படியும் ஒரு பெயரோடு முப்பதாம் நாள்வரை உயிரோடு இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. பெரிய ஆசையா இது?

இந்த வருஷத் தொடரில் இரண்டு வில்லன்கள். ஹாஜி தாஹிர் ஒருத்தர், ஹாஜி மன்சூர் இன்னொருத்தர். வேஷம் போட்ட நடிகர்களுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஊரே இப்போது வேஷத்தின் பெயரைத்தான் சொல்கிறது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இருவருமே பலே கில்லாடிகள். ஒன்பதாம் நாள் கதையில் மன்சூர் தான் செத்துவிட்டதாகப் புரளி கிளப்பி, தன் துக்கத்துக்குத் தானே பந்தல் போட்டார். தாஹிர் அங்கே குர்ஆன் ஓதுவதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய கிடங்கு காலி. அடுத்த நாளே தாஹிர், மன்சூரின் மரணச் சான்றிதழை நிஜமாகவே பதிவு செய்துவிட்டார். உயிரோடிருக்கும் மன்சூர் வங்கியில் கையெழுத்துப் போட முடியாமல் திண்டாடினார். எகிப்தே விழுந்து விழுந்து சிரித்தது.

இதில் ஷஹாத்தாவுக்கு என்ன வேலை? காபித் தட்டு ஏந்துவது. மூன்றாம் நாள் தாஹிரின் கடையில் ஏந்தினார். ஒன்பதாம் நாள் துக்கப் பந்தலுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. உதவி இயக்குநர் இவரையே பிடித்து, "அதே தட்டு, அதே மூஞ்சி, யாரு பாக்கப்போறா?" என்று உள்ளே தள்ளிவிட்டான். ஆனால் ஜனங்கள் பார்த்துவிட்டார்கள்! ஒரு ஹாஜிக்குக் காபி கொடுத்தவன் இன்னொரு ஹாஜிக்கும் கொடுக்கிறானே, இவன் இரட்டை உளவாளி என்று ஃபேஸ்புக் முழுக்க ஒரே பேச்சு.

மறுநாள் ரொட்டிக் கடையில் வரிசை நகரவே இல்லை.

"யா ஹாஜி, நெசத்தச் சொல்லு. நீ தாஹிர் ஆளா, மன்சூர் ஆளா?"

ஷஹாத்தா மக்காவுக்குப் போனதே இல்லை. ஐம்பது தாண்டிய யாரையும் ஹாஜி என்று கூப்பிடுவதுதான் இந்த ஊர் வழக்கம்.

"எனக்கே தெரியாதுப்பா."

"பாத்தியா, பாத்தியா! வாயத் தொறக்க மாட்டேங்குறான். கெட்டிக்காரன்!"

தொடரை எழுதுகிறவருக்கும் இந்தப் பேச்சு எட்டியது. முப்பது நாள் கதையை முன்கூட்டியே எழுதி முடிக்கிற பழக்கம் அந்த மனுஷனுக்குக் கிடையாது. இன்று எழுதி, நாளை எடுத்து, நாளை மறுநாள் போடுவார்கள். அப்படி இருபத்து மூன்றாம் நாளுக்கு வந்த தாளில் இப்படி இருந்தது: 'ஹாஜியின் ஆள் ஹாஜியின் கோப்பையில் விஷம் கலந்து கொடுக்கிறான். ஹாஜி குடிக்கிறார்.'

ஷஹாத்தா மூன்று தடவை படித்தார். எந்த ஹாஜியின் ஆள்? எந்த ஹாஜியின் கோப்பை? எழுதியவரைக் கேட்கலாமென்றால் அவர் போனை அணைத்துவிட்டு நோன்பு திறக்கும்வரை தூங்குகிறவர். இயக்குநரான ரீஹாம் அம்மாவோ கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நோன்பு திறக்குற மக்ரிப் பாங்குக்கு இன்னும் அரை மணிதான் இருக்கு. பாங்கு சொல்லிட்டா ஒருத்தன் நிக்க மாட்டான். யாராவது ஒரு ஹாஜி குடிச்சுச் சாகுங்க, எனக்கு ஒண்ணுமில்ல!"

குடித்தவர் இருபத்து மூன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரமலானில் ஏழு நாள் திரையில் இல்லாத நடிகனை யார் நினைப்பார்கள்? தாஹிர் முதலில் ஷஹாத்தாவைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். தோளில் கை வேறு.

"டேய் ராசா, மூணாம் நாளே என் கடையில நின்னவன் நீ. நீ என் ஆளு. கோப்பைய அவன்கிட்ட நீட்டு. எழுதுறவர்கிட்ட சொல்லி உனக்கு ஒரு பேரு வாங்கித் தரேன். முப்பதுவரைக்கும் இருப்ப."

அவர் நகர்ந்ததும் மன்சூர் வந்தார்.

"என்ன சொன்னான் அந்தக் குள்ளநரி? பேரா? அவன் எவனுக்குப் பேரு குடுத்திருக்கான்! துக்கப் பந்தல்ல என் பக்கத்துலயே நின்ன ஆளுய்யா நீ. கோப்பைய அவன்கிட்டக் குடு. பேரு நான் வாங்கித் தரேன், முப்பதுவரைக்கும்."

ஷஹாத்தா இருவருக்கும் "சரிங்க ஹாஜி" என்றார். வேறென்ன சொல்வார், பாவம்? தலை கிர்ரென்றது. விடியலுக்கு முன் தின்ற அவரைக்காய்க் கூழ் எப்போதோ கரைந்து போயிருந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. இவர்கள் வேஷத்தில் பேசுகிறார்களா, நிஜமாகவே பேசுகிறார்களா என்பதே அவருக்கு விளங்கவில்லை.

நோன்பு நாளில் எவன் காபி கொதிக்க வைப்பான்? படப்பிடிப்புச் சாமான் பார்க்கும் பையன் நோன்பு திறக்க வைத்திருந்த புளிச் சர்பத்தையே கோப்பையில் ஊற்றிவிட்டான். நிறம் ஒன்றுதான். நன்றாகக் குளிர்ந்து, கோப்பையின் வெளிப்புறம் வியர்த்திருந்தது.

கேமரா ஓடியது. ஷஹாத்தா தட்டோடு வந்தார். விஷமென்று கொடுத்திருந்த பொடியைக் கலந்தார். தாஹிர் மன்சூரைக் காட்டிக் கண்ணடித்தார். மன்சூர் தாஹிரைக் காட்டி மீசையைத் தடவினார். இவர் தாஹிர் பக்கம் ஒரு அடி வைத்தார், நின்றார், மன்சூர் பக்கம் திரும்பினார், மறுபடி நின்றார். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருப் பள்ளிவாசலில் "அல்லாஹு அக்பர்" என்று மக்ரிப் பாங்கு எழுந்தது.

ஐம்பது வருஷப் பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வரும்? கை தானாகக் கோப்பையை எடுத்தது. உதடு பிஸ்மில்லாஹ் சொன்னது. ஒரே மூச்சில் குடித்து முடித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாயைத் துடைத்தார்.

எல்லோரும் தன்னையே பார்ப்பதை அப்புறம்தான் கவனித்தார். ஐயோ, கதைப்படி அது விஷமாச்சே! கேமரா நிற்கவில்லை. "ஓட்டு, ஓட்டு, நிறுத்தினா கொன்னுடுவேன்," என்று ரீஹாம் அம்மா கிசுகிசுத்தாள்.

வேறு எது தெரியாவிட்டாலும் ஷஹாத்தாவுக்குச் சாகத் தெரியும். முட்டி மடிந்தது, தட்டு உருண்டது, மெல்லச் சரிந்தார். இரண்டு ஹாஜிகளும் ஓடி வந்தார்கள். எனக்காக உயிரைக் கொடுத்தான் என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஆளுக்கொரு பக்கம் தலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"யா மர்ஸூக்! எனக்காக நீ குடிச்சியாடா!" என்று தாஹிர் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிக் கதறினார்.

"விடுய்யா, அவன் என் ஆளு! ஸக்கி! கண்ணத் தொறடா ஸக்கி!" என்று மன்சூர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

இருபத்தேழு வருஷத்தில் முதன்முறையாக ஒரு பிணத்துக்குக் கோபம் வந்தது. கோபமா, அழுகையா, அவருக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்தார்.

"எம் பேரு ஷஹாத்தா, ஹாஜி."

எந்த ஹாஜியைப் பார்த்துச் சொன்னார் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மறுநாள் அது அப்படியே ஒளிபரப்பானது. இன்ஸாஃப் முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நிஜ ஷஹாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தாயிஃப் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தும் அவள் அழுகை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கறுப்பு உடுத்திக்கொண்டு துக்கம் கேட்கவே வந்துவிட்டார்கள். விளையாட்டுக்கு வந்தார்களா, நிஜத்துக்கு வந்தார்களா என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

மறுநாள் வழக்கம்போல பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்குப் போனார். இரண்டு ஹாஜிகளும் முப்பதுவரைக்கும் என்று வாக்குக் கொடுத்தார்களே. விஷம் பலிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான் என்று எழுதிவிட எவ்வளவு நேரமாகும்?

வாசல் காவல்காரன் எழுந்து ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

"ஷஹாத்தா சார்! நேத்து எங்க வீடே அழுதுச்சு, தெரியுமா? எங்கம்மா செத்தவங்களுக்கு ஓதுற மாதிரி உங்களுக்கு ஃபாத்திஹா ஓதுனாங்க!"

"அல்லாஹ் உங்கம்மாவுக்கு நல்ல ஆயுசு குடுக்கட்டும். கதவத் தொறப்பா."

காவல்காரன் சங்கடத்தோடு அன்றைய பட்டியலை எடுத்து விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தேடினான்.

"உங்க பேரு இல்லியே சார்."

"பேரு இல்லாம சும்மா ஆளுன்னு ஏதாவது போட்டிருப்பாங்க. நல்லாப் பாரு."

"என்ன சார் நீங்க! உங்களப் போயி பேரில்லாதவங்களோட சேப்பாங்களா?"

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஷஹாத்தா அவன் கையைக் குலுக்கினார். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.