ஓநாய் மனிதன் படங்களும் என் அண்ணனும்

ஓநாய் மனிதனுக்கு ஜிப் முதுகில் இருக்கும். அது தெரிந்துவிடக் கூடாது என்று அவனை எப்போதும் கேமராவைப் பார்த்தே நடக்க வைப்பார்கள். ஆனாலும் ஏதாவதொரு சண்டையில் ஆள் திரும்பிவிடுவான், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஜிப் பளிச்சென்று தெரியும். அண்ணன் உடனே படத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டுவான். "பாத்தியாடா, பாத்தியா!" என்பான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஸ்பெயினிலோ இத்தாலியிலோ ஒரு தையல்காரர் அவசரத்தில் செய்த வேலை, ஓசூரில் ஒரு லைன் வீட்டில் இரண்டு பேரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது.

அண்ணன்தான் இந்தப் படங்களைக் கண்டுபிடித்தவன். பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இருந்த மாதங்களில், போனில் எதையோ தேடப்போய் இதில் விழுந்தான். எனக்கு செகண்ட் ஷிப்ட் இருக்கிற வாரங்களில் காலையில் சமையலை முடித்துவிட்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்ப்போம். இரவுக் காட்சி என்பார்கள், வெயில் கொளுத்தும். பகலில் எடுத்துவிட்டு மேலே நீலம் பூசியிருப்பார்கள். ஓநாய் மனிதனின் காலடியில் மத்தியான நிழல் குட்டையாகக் கிடக்கும். நிலாவுக்கு ஒரே ஷாட்தான். அதே மேகம் அதே இடத்தில் படத்துக்கு ஐந்து தடவை கடந்து போகும். பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். எங்களுக்கு அந்தப் பேச்சும் புரியாது, கீழே ஓடும் இங்கிலீஷ் பாதிதான் புரியும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒரு தடவை, நிறையக் காசு போட்டு எடுத்த புதுப்படம் ஒன்றைக் காட்டினேன். அதில் ஓநாய் அசல் ஓநாய் மாதிரியே இருந்தது, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. அண்ணன் பாதியில் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டான். "அது நாய்டா. ஆளு எங்க?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

அவன் சொன்னது சரி. காசில்லாத படங்களில் ஆள் எங்கேயும் போய்விடுவதில்லை. ஒட்டுமுடிக்கு நடுவில் ஒரு நடுத்தர வயது நடிகரின் கண் இருக்கும், சரியாகத் தூங்காத கண். யாரையோ கடித்துக் குதறிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கண் மட்டும் 'என்னை விட்டுவிடுங்கள்' என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதை அந்த நடிகர் நினைத்துச் செய்தாரா, ரோமத்துக்குள் வேர்த்துப்போய் அப்படித் தெரிந்ததா, தெரியாது. எனக்கு அழுகை வந்துவிடும். பேய்ப்படம் பார்த்து அழுதேன் என்று பேக்டரியில் சொன்னால் ஒரு வருடத்துக்கு ஓட்டுவார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனுக்கு ஒரு நோய் இருக்கிறது. அது வந்து வந்து போகும் நோய். வரும்போது தூக்கம் போய்விடும், பேச்சு வேகமாகும், பாட்டு வரும், உலகத்தில் இருக்கிற எல்லாரும் அவனுக்குச் சொந்தமாகிவிடுவார்கள். முதல் சுற்றில் பைக்கை எடுத்துக்கொண்டு பெங்களூர் கிளம்பியவன், அத்திப்பள்ளியில் ஒரு லாரி கிளீனருக்கு அதைக் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டான். இரண்டாவது சுற்றில், வெளியே போகாதே என்று வாசலை மறித்த அம்மாவைத் தள்ளினான். அம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. ஒரு மாதம் கழித்துத் தன்னிலைக்கு வந்து அந்த மாவுக்கட்டைப் பார்த்தபோது அவன் அழுத அழுகையை நான் இன்னொரு தடவை கேட்க விரும்பவில்லை.

அம்மா காலண்டரைப் பார்ப்பார். அமாவாசை, பௌர்ணமி என்று வட்டம் போட்டு வைத்திருந்தார், ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் பார்த்தேன். அண்ணனின் நோய் ஒரு பௌர்ணமியையும் மதிக்கவில்லை. ஓசூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கவனிக்க வேண்டிய அறிகுறிகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். காரணமில்லாத சந்தோஷம், விடியற்காலையில் விழிப்பு, வேகமான பேச்சு என்று அது போகும். அதைப் பீரோ கதவில் உள்பக்கமாக ஒட்டினேன். அம்மா பர்கூர் பக்கத்தில் ஊரிலேயே தங்கிவிட்டார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொன்னார். பயம் என்று சொல்லவில்லை.

இந்தப் படங்களில் கட்டாயம் ஒரு காட்சி வரும். நிலா கிளம்பும் முன்னால் அந்த மனிதன் தன்னை நேசிக்கிறவளிடம் கெஞ்சுவான்: என்னை உள்ளே வைத்துப் பூட்டு, என்ன சொன்னாலும் திறக்காதே. அவளும் பூட்டுவாள். கொஞ்ச நேரம் போனதும் உள்ளேயிருந்து அவன் நல்லபடியாகப் பேசுவான். எனக்குச் சரியாகிவிட்டது, கதவைத் திற. அவள் திறந்துவிடுவாள். "தொறக்காதம்மா, ஏமாத்தறான்!" என்று நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக் கத்துவோம். எத்தனை படம் பார்த்தாலும் கத்துவோம்.

அப்படி ஒரு படம் முடிந்த மத்தியானம் அண்ணன் சொன்னான்.

"எனக்கும் அப்பிடித்தான் செய்யணும்டா நீ. மறுபடி வந்துச்சுன்னா வெளிய பூட்டிரு. நான் எவ்ளோ நல்லாப் பேசினாலும் தொறக்காத. அம்மா கை மாதிரி இன்னொருத்தர் கை ஒடையக் கூடாது."

"சும்மா இருண்ணா."

"சும்மா இல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

நான் வேலை செய்வது வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு பேக்டரியின் மெயின்டெனன்ஸ் பிரிவில். எங்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு உண்டு. மிஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் போட்டு, போட்டோ ஒட்டிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அது போட்டவன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் சாவியைக் கொடுக்கக் கூடாது, போட்டவன்தான் திறக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளிலிருந்து மண்டையில் அடித்து ஏற்றுவது இதைத்தான். உள்ளே ஒரு ஆள் கை இருக்கும்போது வேறு எவனோ ஸ்விட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று வீடியோ காட்டுவார்கள். அதைப் பார்த்தவன் ஜென்மத்துக்கும் பூட்டை மறக்கமாட்டான். பூட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஷிப்ட் முடிகிற அவசரத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம், எல்லாருமே.

போன ஆவணியில் ஒரு நாள். எனக்கு பர்ஸ்ட் ஷிப்ட். நான் எழுந்தபோது அண்ணன் குளித்து முடித்திருந்தான். சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். எனக்கு டீ போட்டு வைத்திருந்தான். "இன்னிக்கு ஒரு விசயம் இருக்குது, சாய்ங்காலம் சொல்றன், இப்ப கேக்காத, கேட்டாலும் சொல்லமாட்டன்" என்று ஒரே மூச்சில் சொன்னான். கண் பளபளவென்று இருந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

பீரோவைத் திறக்காமலேயே அந்தத் தாளில் இருப்பதெல்லாம் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. படத்தில் என்றால் நிலாவைக் காட்டுவார்கள், மேகம் நகரும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அண்ணனின் முகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. கம்பெனி பஸ் வர ஐந்து நிமிடம்தான் இருந்தது. அவன் சமையல் பக்கம் திரும்பியதும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன், பையிலிருந்த சிவப்புப் பூட்டைப் போட்டேன், சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்தேன். கை தானாக அதைச் செய்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லக்கா. தொறக்கச் சொல்லிக் கேப்பாரு. ரொம்ப நல்லாப் பேசுவாரு. நம்பாதீங்க. மூணு மணிக்கு நான் வந்து தொறக்கறேன்." அவர் பயந்து தலையாட்டினார். பஸ் ஏறிவிட்டேன். எங்கள் பேக்டரி கேட்டில் போனை வாங்கி நம்பர் போட்ட பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்துதான் கைக்கு வரும்.

அன்றைக்கு முழுக்க என்ன வேலை செய்தேன் என்று ஞாபகமில்லை. செய்தது சரி என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்திருக்கலாம். 'என்ன விசயம்ணா' என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

இரண்டு மணிக்குப் போன் கைக்கு வந்தபோது அண்ணனிடமிருந்து பதினோரு மிஸ்டு கால் வந்திருந்தது. கடைசிக் கால் ஒன்பதரைக்கு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நான் திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அன்றைக்கு இரண்டும் கலந்து வந்தது. "நேனேமி சேயாலி, நான் என்னா செய்யட்டும் தம்பி? உங்கண்ணன் உள்ளேயிருந்து, அக்கா, பர்கூர்ல வேலைக்குக் கூப்ட்டிருக்காங்கக்கா, பத்து மணிக்குப் போவணும், பூட்டை ஒடைக்க யாரையாச்சும் கூப்புடுங்கன்னு கேட்டாரு. எவ்ளோ மரியாதையா கேட்டாரு தெரியுமா. அவ்ளோ மரியாதையா பேசினதுனாலதான் எனக்குப் பயம் வந்திடுச்சு."

பூட்டைத் திறந்து உள்ளே போனேன்.

அண்ணன் அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டுக்கொண்டு, கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் அவனுடைய பழைய சம்பளச் சீட்டு, ஆதார் நகல், இரண்டு போட்டோ. எங்கள் லைன் வீட்டில் பாத்ரூம் வெளியேதான். மூலையில் ஒரு பக்கெட்டின் மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தான். நான் அதைப் பார்த்ததை அவன் பார்த்தான். "அதை நானே ஊத்திடறன், நீ தொடாத" என்றான்.

பழைய முதலாளியிடம் சூப்பர்வைசராக இருந்தவர் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறாராம். ஒரு வாரத்துக்கு முன்னால் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வேலை கையில் கிடைத்தபிறகு என்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தான். பத்தரைக்கு அவருக்குப் போன் பண்ணி, பஸ் பிரேக்டவுன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவசரம் என்பதால் இன்னொருத்தரை எடுத்துவிட்டதாகச் சொன்னாராம். "தம்பி பூட்டிட்டுப் போயிட்டான்னா சொல்ல முடியும்?" என்றான்.

நான் பீரோவைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். ஒரு நாள் கூட விடவில்லை. அன்றைக்குக் காலை மாத்திரையும் போட்டிருந்தான்.

"ஜன்னலை ஒடைச்சிருக்கலாமேண்ணா, கத்தியிருக்கலாமே" என்றேன். பைத்தியக்காரக் கேள்வி.

"ஒடைச்சா என்னா சொல்லுவீங்க எல்லாரும்?"

அவன் காலில் விழ வேண்டும் போல் இருந்தது. விழுந்தால் அவன்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்பதால் அப்படியே நின்றேன்.

"உன் மேல தப்பில்ல. நான்தான சத்தியம் வாங்கினேன். எவ்ளோ நல்லாப் பேசினாலும் தொறக்காதன்னு நான்தான சொன்னேன்." அப்புறம் என்னைப் பார்த்து, லீவு கேட்கிற குரலில் கேட்டான். "ஆனா கோவம் வருதுடா. கொஞ்ச நேரம் கோவப்பட்டுக்கட்டுமா?"

"கோவப்படுண்ணா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஒரு அடி பின்னால் போய், கதவுப் பக்கம் நின்றேன். என் கண் அவன் கைகளுக்குப் போனது.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"வேணாம், வுடு" என்றான். எழுந்து சட்டையைக் கழற்றி, மடிப்பு கலையாமல் மடிக்க ஆரம்பித்தான்.