தலைமுடியால் தைத்த குவான்யின்

பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி பிரிக்பீல்ட்ஸை விட்டு செராசுக்கு, மகன் வீட்டோடு போனபோது, தன் சாமியை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மருமகள் தேவாலயத்துக்குப் போகிறவள்; புத்தர் சாமியெல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுவிட்டாளாம். பழுப்பேறிய பட்டில், கறுப்பு இழைகளால் தைத்த குவான்யின், சீனர்கள் கும்பிடும் கருணைத் தாய், தாமரைமேல் நின்றிருந்தாள்.

"உங்க வீட்டுல நெறைய சாமி இருக்கு. இன்னொண்ணு வந்தா என்ன லா," என்றார் ஆன்டி.

பார்ப்பதற்கு இலட்சுமி மாதிரிதான் இருக்கிறாள் என்று அம்மாவும் சாமி மேடையில் மாட்டி ஊதுவத்தி காட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டை உற்றுப் பார்த்தார். "இது நூல் இல்ல, தலைமுடி," என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

சோற்றில் ஒரு முடி கிடந்தால் பானையையே கவிழ்க்கிறவள் அம்மா. படம் கூடத்துக்கு வந்தது. சாமிக்கு முன்னால் மீன் சாப்பிடுவதா என்று அலமாரிக்குள் போனது. சாமியை இருட்டில் அடைப்பதா என்று மறுபடி வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டாள். கடைசியில், மருமகள் பாடு மாமியார் பாடு என்று, படத்தைத் துண்டில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு செராசுக்கு மினி பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் நின்றுகொண்டே போனோம். அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆன்டியிடம் கேட்கப்போவதை முணுமுணுத்தபடியே அம்மா படியேறினாள். கதவு திறந்ததும் மொத்தத்தையும் கொட்டினாள்.

ஆன்டிக்குக் கோபம் வரவில்லை. "என் பாட்டி முடி," என்றார். "சீனாவுல ராஜா இருந்த காலம். பிள்ளைக்குக் காய்ச்சல். சாமிக்கு வேண்டிக்கிட்டு, தன் முடியவே பிடுங்கிப் பிடுங்கித் தைச்சாங்க. அப்பல்லாம் பொம்பளைங்க அப்படிச் செய்வாங்க."

அம்மா துண்டை விலக்கி அந்த இழைகளைப் பார்த்தாள்.

"பிள்ளை பிழைச்சுதா?"

"பிழைச்சுது. அதான் எங்க அம்மா."

"அப்புறம் நல்லா இருந்தாங்களா?"

"இருந்தாங்க. எழுபது வயசு வரைக்கும்."

அம்மா படத்தை மறுபடி துண்டில் சுற்றினாள். ஆன்டி ஊற்றிவைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"குடுக்கத்தானே வந்தோம்?"

"பேசாம வாடி."

குவான்யின் மறுபடி சாமி மேடைக்கே போனாள். அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்திருந்தாள், அவள் காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்டு அம்மா பத்துமலைக் கோயிலில் முடி இறக்கினாள், அப்படியும் அவள் தங்கவில்லை என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.