தலை கழன்ற அர்ச்சுனன்

எங்கள் அம்மாவுக்குச் சாமி காரியமென்றால் அவசரம் அதிகம். அந்த அவசரத்தில் ஒருநாள் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீடான எங்கள் லயத்துக் காம்பிராவே கையை விட்டுப் போகப் பார்த்தது.

அப்போது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா துரை பங்களாவில் சமையல் அப்பு, அம்மா அங்கேயே கூட்டித் துடைப்பவள். லீவு நாளில் நானும் ஒட்டிக்கொள்வேன்.

புதுத் துரை ஜாவாவில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர். அங்கே வெள்ளைக்காரர்களை வெளியேற்றியபோது இரண்டு மரப்பாவைகளோடு இங்கே வந்து சேர்ந்தார். விருந்தாளிகள் வந்தால் பாவையின் பாவாடைக்குள் கையை விட்டு நடுக்கம்பைத் திருப்புவார், தலை திரும்பும். கைக்குச்சிகளை அசைத்தால் கும்பிடும். ஜாவாவில் முதலில் தோல்பாவை நிழலாட்டம்தானாம். மரப்பாவை பிறகு வந்ததாம். சுண்டா மலைச்சீமைக்காரர்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்களாம். முஸ்லிம்களான பிறகும் பாண்டவர் கதையை அவர்கள் விடவில்லையாம். பரிமாறிக்கொண்டே கேட்டதையெல்லாம் அப்பா வீட்டில் வந்து அவிழ்த்துவிடுவார். ஆண்பாவை அர்ச்சுனன், பெண்பாவை சுபத்திரை என்றும் அவர்தான் சொன்னார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வருஷா வருஷம் விரதமிருந்து அர்ச்சுனன் தபசுக் கூத்து ஆடுகிற தோட்டம் எங்களுடையது. அன்றிலிருந்து அம்மா கை கழுவாமல் அந்தப் பாவைகளைத் தொடுவதில்லை.

ஒரு காலை, துரை கொழுந்து வேலை பார்வையிட மலைக்குப் போயிருந்தார். தூசி தட்ட அம்மா அர்ச்சுனனைத் தலையைப் பிடித்துத் தூக்கினாள். தலை கம்போடு கையில் வந்துவிட்டது. உடம்பு மேசையில் சரிந்தது. சாமியை உடைத்துவிட்டோமே என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னமான சாமியை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை. தலையையும் உடம்பையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு போய், பங்களாவுக்குக் கீழே ஓடும் ஆற்றில் பூப்போட்டு விட்டுவிட்டாள். மழைக்காலத் தண்ணீர் நொடியில் இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் அவளுக்குத் துரையின் நினைவு வந்தது.

மத்தியானம் துரை சாப்பிட உட்கார்ந்தார். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பு, அர்ச்சுனா எங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். களவு என்று துரை நினைத்துவிட்டால் வேலை போகும். வேலை போனால் காம்பிராவும் போகும்.

அம்மாவே முன்னால் வந்தாள். "தல ஒடிஞ்சி போச்சுங்க தொரைங்களே. ஒடஞ்ச சாமிய வச்சிருந்தா வூட்டுக்கு ஆகாதுங்க. அதான் ஆத்துல வுட்டுட்டேன்."

துரையின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர் நேரே போய்ச் சுபத்திரையை எடுத்தார். எங்கள் கண்ணெதிரே அவள் தலையைக் கம்போடு உருவினார். துரை கம்பை மறுபடி செருகினார். தலை பழையபடி உட்கார்ந்துகொண்டது.

"ஒடையறது இல்ல. கழட்டி மாட்டறது. இப்படித்தான் செய்யிறது," என்றார். சுபத்திரையை அதன் இடத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம், "நாளைக்கி வேலைக்கி வா," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பிழைத்தோம் என்று அப்பா வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அம்மா மட்டும் ஆற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் ஒரே சந்தோஷம். வேலையும் போகவில்லை, அர்ச்சுனனும் உடையவில்லை.

"சாமி ஒடையவே இல்லியாம்மா," என்று நான் சொல்லச் சொல்ல அம்மா இன்னும் பெரிதாக அழுதாள். உடையாத சாமிக்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.