தொட்டிக்காரரின் இருமல்

காந்திமதி என்பது அவள் பெயரல்ல. ஊர் கோவிலம்பாக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நிஜமாக இல்லாமல் இருக்கலாம். அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஆளை மறைத்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது. தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. என்னைவிடப் பெரியவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் ‘அவர்’ போட்டால் யாரோ மாதிரி இருக்கிறது.

தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். காசநோய் ஆராய்ச்சி. நோயாளிகள் வாரம் ஒருமுறை தங்கள் போனில் இருமி அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, வறட்டு இருமலா, சளி இருமலா, நடுவில் இழுப்பு உண்டா என்று குறிக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் குறித்துக் கொடுத்தால் பிறகு கம்ப்யூட்டரே இருமலைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுமாம். காந்திமதிக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

பெயர் எங்களிடம் வராது. எண்ணும் நோய் விவரமும்தான் வரும். பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் என்கிரிப்ஷன் செய்து வேறு இடத்தில் பூட்டியிருந்தார்கள். பாங்க் லாக்கர் மாதிரி அதற்கு இரண்டு சாவி. ஒன்று எங்கள் டாக்டர் ஹரிபிரசாத்திடம், இன்னொன்று ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். எவனாவது மொத்தத்தையும் திருடிக்கொண்டு போனாலும் அவனுக்குக் கிடைப்பது வெறும் கிறுக்கல். நோயாளி பதிவின் நடுவே பேசினால் அதையும் மெஷின் வெட்டிவிடும். சேரும்போதே அவர் குரலை அதற்குப் பழக்கியிருப்பார்கள். அந்தக் குரல் வரும் இடமெல்லாம் சுற்றுச் சத்தமும் சேர்ந்து அறுந்து, கிணற்றுக்குள் தலையை விட்டது போல ஒரு மௌனம் வரும். பிறகு மறுபடி இருமல்.

கேட்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று நாங்களும் கையெழுத்துப் போட்டிருந்தோம். நானாவது வீட்டில் எதையாவது உளறுவேன். காந்திமதி வாயே திறக்கமாட்டாள். ஆஸ்பத்திரி பில் டைப் அடிக்கிறேன் என்றுதான் வீட்டுக்காரர் குப்புராஜிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மகள் பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

எத்தனை நாள்தான் எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பது? கூடாதுதான், இருந்தாலும் பட்டப்பெயர் வைத்தோம். பின்னால் எப்போதும் விசில் அடித்தால் குக்கரம்மா. தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு வந்தால் தொட்டிக்காரர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று இருமுகிறவராக இருக்கும். அவர் காந்திமதியின் பங்கு.

இந்த வேலையில் ஒரு வினை உண்டு. ஒருநாள் கேம்ப் ரோடு சிக்னலில் பஸ் நின்றபோது எனக்குப் பின்னாலிருந்து குக்கரம்மா இருமினாள். குட்டி குட்டியாக மூன்று, ஒரு மூச்சு இழுப்பு, அப்புறம் பெரிதாக ஒன்று. அதேதான். திரும்பினேன். மடியில் கீரைக்கட்டோடு ஒரு அம்மாள். நுரையீரலில் எந்தப் பக்கம் புண் என்பதுவரை எனக்குத் தெரியும். அவளுக்கோ நான் யாரோ. “உக்காரும்மா, எடம் கீது” என்று நகர்ந்து கொடுத்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன்.

காந்திமதியிடம் இதைச் சொன்னேன். “பேரத்தான பூட்டி வச்சிகிறாங்க. இருமல எங்க போய்ப் பூட்டுவாங்க?” என்று சிரித்தாள்.

மழை ஓய்ந்த சமயத்தில் தொட்டிக்காரரின் எண்ணுக்கு எதிரே ‘மருந்து நிறுத்தம்’ என்று வந்தது. ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டுவிட்டார். கொஞ்சம் தேறியதும் போதும் என்று தோன்றியிருக்கும். கிளினிக்கிலிருந்து கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பாராம், வரமாட்டாராம். இருமி அனுப்புவதை மட்டும் விடவில்லை. அதற்குப் போன் ரீசார்ஜ் போட்டுத் தருவார்கள். மருந்தைப் பாதியில் விட்டால் நோய் எதற்கும் அடங்காமல் திரும்பி வரும், கூட இருப்பவர்களையும் பிடிக்கும். இது எங்களுக்குத் தூக்கத்திலும் தெரிந்த பாடம். காந்திமதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “வூட்ல ஒரு பொம்பள இருப்பா இல்ல? அவ இன்னாதான் பண்ணிகினு கீறா?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துத் திட்டினாள்.

அடுத்த வாரம் அவருடைய பதிவு வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். திரும்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

“சத்யா, என்ன யாருனா கூப்ட்டாங்களா?”

“இல்லக்கா.”

எழுந்து டாக்டர் அறை வாசல்வரை போனாள். நோயாளியை அடையாளம் தெரிந்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் இரண்டு சாவியும் போட்டுத் திறந்து, ‘உங்களை இங்கே ஒருவருக்குத் தெரிந்துவிட்டது’ என்று அந்த ஆளுக்குத் தகவல் கொடுப்பார்கள். காந்திமதி கதவைத் தட்டாமலே திரும்பி வந்தாள்.

“இந்த நம்பரு எனக்கு வாணாம். நீ எடுத்துக்கோ. இன்னா ஏதுன்னு கேக்காத” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

நான் அந்தப் பதிவைப் போட்டேன். தண்ணீர் கொட்டுகிறது. இருமல். கிணற்று மௌனம். மறுபடி இருமல். அப்புறம் தூரத்தில், கீழேயிருந்து ஒரு பெண் கத்துகிறாள். “ஏங்க, தண்ணி வழியுது! மோட்டார நிறுத்துங்க!”

காந்திமதியின் குரல்.

தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்யுங்கள் என்று நோயாளிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். நம் ஜனங்கள் தனி அறைக்கு எங்கே போவார்கள்? நோயாளியின் குரலை வெட்டத் தெரிந்த மெஷினுக்குப் பெண்டாட்டியின் குரல் வெறும் பின்னணிச் சத்தம். அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பக்கத்து நாற்காலி காலி, காதுக்குள்ளே அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களைப் பற்றிப் பிற்பாடு சொன்னாள். வீட்டில் அவர் இருமி அவள் கேட்டதே இல்லையாம். சாப்பிடுவார், டிவி பார்த்துச் சிரிப்பார், மோட்டார் போட்டுவிட்டு மாடிக்குப் போவார், வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவார். ஸ்கூலுக்குத் தெரிந்தால் வேன் போய்விடும் என்று அவருக்குப் பயம். பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனின் நெஞ்சை மாதக்கணக்காக ஆபீசில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம், யாரென்றே தெரியாமல் திட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பாளாம். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். சொன்னால் கையெழுத்து போச்சு. சொல்லாவிட்டால் ஆளே போச்சு. எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டே அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் நாங்கள் அதைப் பேசவே இல்லை. வரும் பதிவெல்லாம் மோசமாகிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு நாள் வந்த பதிவில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மாடிக்கதவு கிறீச்சிட்டது. அவள் குரல், இந்த முறை மிகவும் பக்கத்தில்.

“நான்தான்.”

மௌனம். அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், மெஷின் வெட்டிவிட்டது.

“எனக்கு ஒண்ணியும் தெரியாது. கேக்கவும் மாட்டேன்.”

மௌனம்.

“வேன் போனா போவுது. நான் சம்பாரிக்கல?”

மறுபடி மௌனம். வெகுநேரம். தண்ணீர் இல்லை, இருமல் இல்லை, மூச்சுகூட இல்லை. பதிவு முடிந்துவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் மட்டும் இருக்கிற உலகம் அது. ஆவியோடு பேசுகிறவள் மாதிரி அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“அழாதீங்க. எங்க போய் வாங்கணுமோ போய் வாங்கிக்கோங்க. நானும் வரேன். வாசல்லயே நிக்கிறேன், உள்ள வரமாட்டேன்.”

மௌனம்.

“அந்த போன மொதல்ல அமுத்துங்க. கேட்டுகினு கீறாங்க.”

பதிவு அறுந்தது.

அவள் சொன்னது என்னைத்தான். பக்கத்தில் காந்திமதி ஹெட்போனோடு வேறு யாருடைய இருமலையோ குறித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் ‘சளி இருமல்’ என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனேன்.

மறுவாரம் தொட்டிக்காரரின் எண்ணுக்கு எதிரே ‘மருந்து மீண்டும் தொடக்கம்’ என்று வந்தது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் தொட்டிக்காரரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டுப் பெண்ணையும் தெரியாது. அப்படித்தானே கையெழுத்து. உட்கார்ந்த இடத்திலேயே கண்ணீர் கொட்டியது.

காந்திமதி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தன் கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னாடி, ஜலதோஷமா?”

“ஆமாக்கா” என்றேன்.